பள்ளி எடுத்த தேர்வும் அன்வர் பாய் வைத்த தேர்வும்

தமிழாசிரியர் என்றால் தமிழ் மட்டும் சொல்லிக்கொடுப்பவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டில் தொடக்கப்பள்ளிக்குப் போகிற பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

குவீன்ஸ்டவுனில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஒவ்வொரு ஜனவரியும் பெற்றோருக்கு விளக்கக் கூட்டம் நடக்கும். மண்டபத்தில் பள்ளி முதல்வர் திரையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஆங்கிலத்தில் ஒன்றரை மணி நேரம் பேசுவார். முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து நேராக கேண்டீனுக்கு வரும். அங்கே கோப்பி, டீ விற்கும் தண்ணீர்க் கடைக்குப் பக்கத்து மேஜையில் நான் உட்கார்ந்திருப்பேன். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாவற்றிலும் என்ன மாறியிருக்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இதற்குத் தனியாகப் பதவி, பெயர் எதுவும் கிடையாது. பள்ளியில் தமிழ் பேசுகிற ஆசிரியர் நான் ஒருத்திதான். அதனால் மாட்டிக்கொண்டேன்.

ஒரு வருடம் தொடக்கநிலை ஒன்று, இரண்டுக்குத் தேர்வே இல்லை என்றார்கள். சொன்னேன். இன்னொரு வருடம் எல்லா வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டோம் என்றார்கள். அதையும் சொன்னேன். வேறொரு வருடம், ஆறாம் வகுப்பு முடிவில் மதிப்பெண்ணைக் கூட்டாமல் நிலைகளைக் கூட்டப்போகிறோம் என்றார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையும் சொன்னேன். எல்லா மாற்றமும் பெற்றோரின் கவலையைக் குறைக்கத்தான் வந்தன. கவலை குறைந்த ஒரு பெற்றோரை நான் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தண்ணீர்க் கடை மேஜை

இந்த வருடம் மேஜையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் அன்வர் பாய். சிராங்கூன் சாலைப் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். மகள் ஆயிஷா தொடக்கநிலை நான்கு, என் தமிழ் வகுப்பு.

ஆயிஷாவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க என்னைக் கவலையில் வைத்திருந்தவள் அவள்தான். போன வருடம் ஆண்டிறுதித் தேர்வில் தமிழ்த் தாளின் மேலேயே வாந்தி எடுத்தாள். தேர்வு என்ற பேச்சு வந்தாலே சாப்பாடு இறங்காது, வாய் திறக்காது. இந்த வருடம் வகுப்பிலேயே சின்னச் சின்னதாகச் சோதித்துப் பார்க்கிறோம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, கை தூக்க ஆரம்பித்தாள். ஏப்ரலில் ஒரு நாள் தானாகவே எழுந்து ஒரு கதைகூடச் சொன்னாள். இந்தப் பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்ளக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"அரையாண்டுத் தேர்வு இல்ல, பயப்பட வேண்டாம்" என்று மேஜையைச் சுற்றிச் சொன்னேன். ஒருத்தர் முகத்திலும் நிம்மதி இல்லை. சும்மா கிடைக்கிற எதையும் இந்த ஊரில் யாரும் உடனே நம்புவதில்லை. அன்வர் பாய் மட்டும் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தேர்வு இல்லைன்னு நீங்க சொல்றது சரி டீச்சர். இந்த விஷயம் மத்த அப்பா அம்மாவுக்கெல்லாம் தெரியுமா, இல்ல எங்க பிள்ளைங்க மட்டும்தான் படிக்காம இருக்கப்போகுதா?"

காரைக்காலுக்கு ஒரு விளக்கம்

அன்வர் பாயின் பயம் நேற்று முளைத்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதினான். ஊரே பி.எஸ்.எல்.இ. என்று சொல்லி நடுங்குகிற தேர்வு அது. நான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை நிலை. ஒன்று வாங்கினால் உச்சி, எட்டு வாங்கினால் அடி. நான்கையும் கூட்டுவதுதான் மொத்தம். ஆக, மொத்தம் குறையக் குறைய வீட்டில் பிரியாணி போடலாம். பையன் எட்டு எடுத்திருந்தான். அபாரமான முடிவு. அன்வர் பாய் சந்தோஷம் தாங்காமல் காரைக்காலில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு, "காக்கா, பையன் மொத்தம் எட்டு!" என்றிருக்கிறார். காக்கா எட்டுதானா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாராம். அப்புறம், "சரி விடு, உடம்பப் பாத்துக்க. பிள்ளையை அடிச்சுகிடிச்சுப் போடாத" என்று வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து சொந்தபந்தமெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் அன்வர் பாய் என்னிடம் வந்தார். பள்ளி வாசலில் நின்றபடி அவருடைய போனில், காரைக்காலுக்கு ஒரு குரல் பதிவு பேசினேன். நான்கு பாடம், எட்டு நிலை, குறைந்தால் நல்லது, நாலுதான் முதல், முப்பத்திரண்டுதான் கடைசி என்று பொறுமையாக, முதல்வரைவிட அழகாக விளக்கினேன். சாயங்காலம் பதில் வந்தது. அன்வர் பாய் அதை எனக்குப் போட்டுக் காட்டினார்: "டீச்சரம்மா, நீங்க சொன்னதெல்லாம் நல்லா விளங்குச்சு. இருந்தாலும் அடுத்த தடவை பிள்ளையை இன்னும் கொஞ்சம் கூட எடுக்கச் சொல்லுங்க."

என் முகம்

மலாய் பேசும் பெற்றோருக்கு இதே வேலையைச் செய்பவர் ரொஹானா. எங்கள் பள்ளி மலாய் ஆசிரியர். அவருக்கு அடுத்த மேஜை. கூட்டம் கலைந்ததும் இருவரும் ஆளுக்கொரு கோப்பி வாங்கிக்கொண்டு, யாருக்கு என்ன கேள்வி வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். இந்த வருடமும் பார்த்தோம். மொழிதான் வேறு, கேள்விகள் ஒன்றுதான். டியூஷன் என்கிற துணைப்பாட வகுப்பை நிறுத்தலாமா என்று யாருமே கேட்கவில்லை, இன்னொன்று சேர்க்கலாமா என்றுதான் கேட்டார்கள்.

நான் அன்று நன்றாகப் பேசியதாகத்தான் நினைத்திருந்தேன். சரியாகச் செய்தேனா என்று ரொஹானாவிடம் கேட்டேன். அவர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "நீ பேசுறது எனக்குப் புரியாது. ஆனா உன் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குப் போய் என் மகனைப் படிக்கச் சொல்லணும் போல இருந்துச்சு லா."

வீட்டில் நடந்த கூட்டம்

என் முகத்துக்குக் காரணம் தெம்பனிஸில், என் வீட்டில் இருக்கிறது. என் மகன் கதிர் இந்த வருடம் தொடக்கநிலை ஆறு. பகலெல்லாம் மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, ரயிலில் கிழக்கே வர வர என்னிடம் இருந்த தைரியம் தீர்ந்துவிடும். மார்க் பார்க்கக் கதிரின் பையைத் திறக்கக் கூடாது என்று, ரயில் பாய லேபார் நிலையம் வரும்போது முடிவு செய்வேன். வீட்டுக்கு வந்து கைகால் கழுவுவதற்குள் திறந்துவிடுவேன்.

என் கணவர் முரளிக்கு இந்த நாடகமெல்லாம் கிடையாது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவரையும் உட்காரவைத்து விளக்கினேன். பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடக் கூடாது, கற்பதில் மகிழ்ச்சி வேண்டும், மதிப்பெண் ஒன்றுதான் அளவுகோல் என்றில்லை என்று மடமடவென்று சொன்னேன். மனுஷர் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார். ரசத்தை ஊற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அருமையாச் சொன்ன. இதைக் கேண்டீன்லயே சொல்லிடு. கதிர் கணக்குல எத்தனைன்னு மட்டும் எங்கிட்ட சொல்லு."

தமிழுக்கு மட்டும் ஆள் இல்லை

மே மாதம் ஒரு மத்தியானம் பள்ளி அலுவலகத்தில் என்னைப் பார்க்க அன்வர் பாய் வந்திருந்தார். கையில் ஒரு பெரிய உறை. முகத்தில் ஒரு வருடமாக நான் பார்க்காத நிம்மதி. என்ன பாய் என்றேன். அரையாண்டுத் தேர்வு வைக்கப்போகிறோம் என்றார். யார் என்றேன். நாங்கள்தான் என்றார்.

விஷயம் இதுதான். பள்ளி தேர்வை எடுத்துவிட்டதால், ஆயிஷா வகுப்புப் பெற்றோர் சிலர் கூடிப் பேசி, தாங்களே நடத்திவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலை, அன்வர் பாய் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே, திறந்த தளத்தில். நல்ல பள்ளிகளின் பழைய வினாத்தாள்களை யார் யாரிடமோ வாங்கி, கடையில் வைத்து நகல் எடுத்து, முகப்புத் தாளெல்லாம் போட்டு அடுக்கியிருந்தார். இருக்கை எண்கூடக் கொடுத்தாகிவிட்டது. "ஆயிஷா என்ன சொல்றா பாய்?" என்றேன். "ஒண்ணும் சொல்லல டீச்சர், சமத்தா இருக்கா" என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து, தயவுசெய்து வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். போன வருட வாந்தியை நினைவுபடுத்தினேன். பழகினால்தானே பயம் போகும் என்றார். கிளம்பும்போது உறையை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "எல்லாப் பாடத்துக்கும் தாள் கிடைச்சிருச்சு. தமிழுக்கு மட்டும்தான் சரியா அமையல. நீங்களே ஒண்ணு போட்டுக் கொடுத்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும் டீச்சர்."

கல்யாணமும் கணக்குத் தாளும்

தாள் போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பள்ளியில் வேலை இருக்கிறது என்று முரளியிடம் சொல்லிவிட்டு ரயிலேறி அங்கே போய் நின்றேன். நிஜமாகவே தேர்வு மண்டபம்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள், வீட்டிலிருந்து தூக்கிவந்த மடக்கு மேஜைகள். சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேஜைகளில்கூட இடைவெளிவிட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு அப்பாக்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவினார்கள். ஆயிஷா ஓரத்தில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. தேர்வு நடக்கும்போது பேசக் கூடாது என்று ஓர் அம்மா என்னை நாற்காலிகளுக்கு வெளியே நிறுத்திவிட்டார். என்னை, பள்ளிக்கூடத்து ஆசிரியரை!

அதே தளத்தின் மறுகோடியில் ஒரு மலாய்க் கல்யாணம். முறைப்படி இடத்துக்கு அனுமதி வாங்கிக் கூடாரம் போட்டிருந்தது அவர்கள்தான். அன்வர் பாய் யாரிடமும் கேட்கவில்லை. கணக்குத் தாள் தொடங்கிச் சற்று நேரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. முன்னால் கொம்பாங் மேளம், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கையால் அடிக்கிற அடியில் கூரை அதிர்ந்தது. பிள்ளைகளெல்லாம் பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அன்வர் பாய் ஓடிப்போய் மாப்பிள்ளையின் அப்பாவிடம், பரீட்சை நடக்கிறது, ஒரு மணி நேரம் மேளத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டார். பட்டுச் சட்டையும் தொப்பியுமாக நின்ற அந்த மனிதர் கோபப்படவே இல்லை. அன்வர் பாயின் தோளில் கை வைத்து, அண்ணன் முறை வைத்து மலாயில் சொன்னார்: "பாங், என் மகனுக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் கல்யாணம். உங்க பிள்ளைங்களுக்கு இந்த ஊர்ல வருஷம் முழுக்கப் பரீட்சை. நீங்கதான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."

தூண் பக்கத்து நாற்காலி

மேளத்தில் எல்லாருடைய கண்ணும் அந்தப் பக்கம் இருந்தது. ஊர்வலம் உள்ளே போய் ஓசை அடங்கியபோது ஓர் அப்பா எண்ணிப் பார்த்தார். தூண் பக்கத்து நாற்காலி காலி. தாள் மட்டும் இருந்தது, பென்சில் கீழே கிடந்தது. அன்வர் பாய் முதலில் கழிவறையாக இருக்கும் என்றார். வீட்டுக்குப் போன் போட்டார், வரவில்லை என்று அவர் மனைவி சொன்னார். லிஃப்டுப் பக்கம் ஒருவர் ஓடினார், கார் நிறுத்துமிடத்துக்கு ஒருவர். அந்தப் புளோக்கைத் தாண்டினால் பெரிய சாலை, பேருந்துகள் சரம் சரமாக வரும். நானும் "ஆயிஷா, ஆயிஷா" என்று கத்திக்கொண்டு சாலைவரை போய் வந்தேன். அன்வர் பாயின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, ஓதிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கல்யாணக் கூடாரத்துக்குப் பின்னால், சமையல் நடக்கிற இடத்தில் இருந்தாள். ஒரு பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் அவளை முக்காலியில் உட்காரவைத்து, ஒரு மலாய் அம்மா வயிற்றில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வாந்தி எடுத்துவிட்டு ஒளிய இடம் தேடியவளை அந்த அம்மாதான் கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார். அன்வர் பாய் அவள் முன்னால் மண்டியிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஆயிஷா சொன்னாள்: "கணக்கு முடிக்கல வாப்பா. எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க."

ஒரே ஒரு கேள்வி

மிச்சத் தாள்களை யாரும் எழுதவில்லை. கல்யாண வீட்டார் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு நெய்ச்சோறு போட்டார்கள். கண்காணிக்க வந்த அப்பாக்களும் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்புக்கு அன்வர் பாய் தனியாக வந்தார். ஆயிஷா இரண்டு நாளாக வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இருந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவரைப் பார்த்ததும் கேட்க மனம் வரவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். வாசிப்பு, பேச்சு, எழுத்து என்று மகள் எங்கே நிற்கிறாள் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையாட்டினார், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் அவரே ஆரம்பித்தார். காலையில் பிள்ளைகள் எழும்புவதற்குள் கடை திறக்கப் போய்விடுகிறார். திரும்பும்போது அவர்கள் தூங்கப் போகிற நேரம். நடுவில் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அவருடைய வாப்பாவும் அவரிடம் மார்க் தவிர வேறெதுவும் கேட்டதில்லையாம். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த மேஜையையே பார்த்துக்கொண்டு அன்வர் பாய் சொன்னார்: "நான் வந்ததும் 'இன்னிக்கு எவ்வளவு?'ன்னு கேப்பேன், அவ ஒரு நம்பர் சொல்லுவா, அத்தோட படுத்துருவோம். அதையும் கேக்கக் கூடாதுன்னா, நான் என் மககிட்ட வேற என்னத்தத்தான் பேசுறது டீச்சர்?"

நான் சொன்ன பதில்

அத்தனை விளக்கக் கூட்டங்களில் ஒரு படத்தில்கூட இதற்குப் பதில் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள் பாய். சொல்லிவிட்டேனே தவிர, நான் அதைக் கதிரிடம் கேட்டதுண்டா என்று ரயிலில் யோசித்தேன். கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டேன். கதிர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏம்மா, என் மார்க் குறைஞ்சிருச்சா? டீச்சர் உங்களுக்குப் போன் பண்ணாங்களா?"

ஜெராக்ஸ் கடையிலிருந்து

ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அன்வர் பாய் கடையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் யாரோடு சாப்பிட்டாய் என்று பள்ளி திறந்ததிலிருந்து தினமும் கேட்கிறாராம். முதல் நாள் ஆயிஷா "யாரோடயும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். அதைக் கேட்டு அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. எந்த மார்க்கும் தன்னை இப்படிப் போட்டு உலுக்கியதில்லை என்றார். அந்த வாரக் கடைசியில் ஒரு பெயர் வந்தது, சூ யிங். புதிதாகச் சேர்ந்த பிள்ளை, அவளும் தனியாகத்தான் உட்காருவாளாம். நேற்று அந்தச் சூ யிங் மீன் உருண்டையைக் கீழே போட்டது, இருவரும் சிரித்தது, கேண்டீன் அக்கா திட்டியது என்று அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசியிருக்கிறாள். அன்வர் பாய் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தே கேட்டிருக்கிறார். வகுப்பிலும் நேற்று கையைத் தூக்கினாள் பாய் என்றேன். அவர் பக்கம் இயந்திரம் நின்றது. அப்புறம், யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப சந்தோஷம் டீச்சர். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதெல்லாம் பி.எஸ்.எல்.இ.ல வருமா?"

மாற்றங்களை விளக்குகிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அவற்றை நம்புகிற வேலையை யாரிடம் கொடுப்பது என்பதுதான், என் வீட்டையும் சேர்த்து, இந்த ஊரில் இன்னும் முடிவாகவில்லை.